7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்: பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பவர் இறங்கிவிடுகிறது, உதவி தேவை

நாற்பது மீட்டர்:
வணக்கம். எங்கள் கல்லூரி ரேடியோ கிளப்பில் ஒரு சீனியர் கட்டி வைத்துவிட்டுப் போன 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டையில் குரலை அனுப்பும்) செட் இப்போது என்னிடம் இருக்கிறது. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் என்ற, வீட்டிலேயே கட்டக்கூடிய டிரான்சீவர் சர்க்யூட்டை வைத்துச் செய்தது. ஃபைனலில் (கடைசி பவர் ஸ்டேஜில்) ஒற்றை ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதற்கு அப்புறம் 7-க்கு மேலான அலைகளை வெட்டும், டோராய்டு (வளையக் காயில்) சுற்றிய லோ பாஸ் ஃபில்டர், கடைசியில் ஆன்டெனாவை ரிசீவுக்கும் டிரான்ஸ்மிட்டுக்கும் மாற்றும் ரிலே. ரிசீவ் நன்றாகவே இருக்கிறது, டிரான்ஸ்மிட்தான் பிரச்சினை. பிடிடி (பேசுவதற்கான பட்டன்) அழுத்தியதும் 5 வாட் வருகிறது, கால் நிமிடம் போவதற்குள் இரண்டு வாட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சற்று நேரம் விட்டு மறுபடி அழுத்தினால் திரும்பவும் 5 வாட்டில் ஆரம்பிக்கிறது. ஹீட் சிங்க் நன்றாகச் சுடுகிறது. ஐஆர்எஃப்510 மாற்றிப் பார்த்தாயிற்று, எந்த மாற்றமும் இல்லை. நானோ விஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவியில் ஃபில்டரைப் பார்த்தேன், 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு அரை டெசிபல்கூட இல்லை, 14-இல் 40 டெசிபலுக்கு மேல் வெட்டுகிறது, ஆக ஃபில்டர் சரி. இனி எங்கே தேடுவது?

செப்புக்கம்பி:
போலி ஐஆர்எஃப்510 நிறைய உலவுகிறது தம்பி. மேலே எழுத்து மட்டும் புதிதாக அச்சடித்து வரும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். இரண்டும் ஒரே கடையில் வாங்கியதென்றால் இரண்டுமே போலியாக இருக்கலாம். அப்புறம் மைக்கா வாஷர், தெர்மல் பேஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறதா? ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகுதான் டிரெயின் (பவர் வெளியே வரும் முனை), வாஷர் இல்லாமல் சேசிஸில் திருகினால் நேராக ஷார்ட்.

டம்மி லோடு:
சாலிடரிங் அயர்னைக் கீழே வையுங்கள் தம்பி. இன்னொரு டிரான்சிஸ்டர் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு மீட்டரை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்: ஃபைனலுக்குப் போகும் சப்ளை கம்பியில் ஆம்மீட்டர், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டரில்) ஆர்எஃப் ப்ரோப் (ரேடியோ சிக்னலின் வோல்டேஜை அளப்பது). பவர் இறங்கும்போது கரண்ட்டும் கூடவே இறங்கினால் டிரைவ் (ஃபைனலுக்கு உள்ளே வரும் சிக்னல்) குறைகிறது, முன்னால் உள்ள டிரைவர் ஸ்டேஜைத் தேடுங்கள். கரண்ட் அப்படியே நின்றோ ஏறியோ பவர் மட்டும் இறங்கினால் ஃபைனல் வாங்குவதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, கொடுப்பது வழியில் எங்கோ வீணாகிறது. இந்த ஒரு அளவு பாதிச் செட்டைத் தேடல் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

பிட்எக்ஸில் இன்னொரு வசதி, ரிசீவுக்கும் டிரான்ஸ்மிட்டுக்கும் அதே கிரிஸ்டல் ஃபில்டர், அதே ஆஸிலேட்டர்கள், நடுவில் இருதிசை ஆம்ப்ளிஃபயர்கள். ரிசீவ் நன்றாக இருக்கிறதென்றால் அந்தப் பகுதியைச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

எஸ்எஸ்பி என்பதால் பேசினால் முள் ஆடிக்கொண்டே இருக்கும், அளக்க முடியாது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 1 கிலோஹெர்ட்ஸ் டோனை மைக் முன்னால் வைத்தால் நிலையாக நிற்கும். ஆன்டெனாவில் வேண்டாம், டம்மி லோடில் மட்டும். ப்ரோப்புக்கு ஒரு 1என்4148 டையோடு, ஒரு 10 நானோஃபாரட் கெபாசிட்டர், மல்டிமீட்டர் போதும். வரும் வோல்டேஜை வர்க்கப்படுத்தி 100-ஆல் வகுத்தால் 50 ஓமில் எத்தனை வாட் என்று வந்துவிடும். டையோடு விழுங்குவதற்கு அரை வோல்ட் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாற்பது மீட்டர்:
நன்றி அண்ணா. வாஷர், பேஸ்ட் இரண்டும் இருக்கின்றன, டிரெயினுக்கும் சேசிஸுக்கும் இடையில் மீட்டர் ஓப்பன் காட்டுகிறது. டம்மி லோடு 1 கிலோஓம் 2 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இருபதை இணையாகச் சேர்த்துச் செய்தது. குளிர்ந்திருக்கும்போதும் சூடானபோதும் 50 ஓம்தான்.

டோன் கொடுத்து அளந்தேன். சும்மா இருக்கும்போது ஃபைனலில் 100 மில்லிஆம்பியர். டோன் வந்ததும் 0.9 ஆம்பியர், ப்ரோப்பில் 22 வோல்ட். பவர் இறங்கி முடிந்தபோது ப்ரோப்பில் 12 வோல்ட், ஆனால் கரண்ட் 1.1-க்கு ஏறியிருந்தது! சப்ளை, போர்டின் காலிலேயே வைத்துப் பார்த்தேன், 13.8-இலிருந்து பெரிதாக அசையவில்லை.

டம்மி லோடு:
நல்ல அளவு. 22 வோல்ட் என்றால் 5 வாட், 12 என்றால் சுமார் ஒன்றரை வாட். உள்ளே போவது 12 வாட்டிலிருந்து 15 வாட்டாக ஏறியிருக்கிறது, வெளியே வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மீதி எல்லாம் சூடு. ஐஆர்எஃப்510-ஐ இனி குறை சொல்ல வேண்டாம், பாவம் அது. டிரெயினுக்கு அப்புறம் ரிலேவும் ஃபில்டரும்தான் இருக்கின்றன. ப்ரோப்பை ரிலேவுக்கு முன்னால், அதாவது ஃபில்டர் முடியும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்புக்கம்பி:
ரிலேதான் என்று தோன்றுகிறது. பழைய ரிலேயில் கான்டாக்ட் கருத்துப்போனால் சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறும்.

நாற்பது மீட்டர்:
ரிலேவுக்கு முன்னாலும் அதே 12 வோல்ட்தான் அண்ணா, ரிலேயில் ஒன்றும் போகவில்லை. ஐஆர்எஃப்510-இன் கேட்டில் (சிக்னல் உள்ளே போகும் காலில்) டிரைவ் அளவும் பார்த்தேன், கடைசி வரை மாறவே இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஃபில்டர்தான். ஆனால் அது விஎன்ஏவில் அவ்வளவு அழகாக இருந்ததே?

டம்மி லோடு:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. நானோ விஎன்ஏ பொய் சொல்லவில்லை, குளிர்ந்த ஃபில்டர் எப்படி இருக்கிறது என்று சொன்னது. அது அனுப்பும் சிக்னல் ஒரு மில்லிவாட்டில் சிறு பங்கு, அதில் எந்தப் பாகமும் சூடாகாது. 5 வாட் ஓடும்போது கதை வேறு. 40 மீட்டருக்குப் பலரும் கட்டும் ஏழு பாக ஃபில்டரில் இரண்டு ஓரத்திலும் 270 பிகோஃபாரட், நடுவில் இரண்டு 680 பிகோஃபாரட் வரும். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். 680 பிகோஃபாரட்டின் ரியாக்டன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை) 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 33 ஓம். 5 வாட்டுக்கு லோடில் 16 வோல்ட் ஆர்எம்எஸ், ஃபில்டருக்குள்ளும் கிட்டத்தட்ட அதே நிலைதான் என்று வைத்தால் அந்தச் சின்ன கெபாசிட்டர் வழியாக ஏறத்தாழ அரை ஆம்பியர் ஓடுகிறது. என்பி0 வகை (சூட்டில் மதிப்பு மாறாத சிராமிக்) என்றால் இதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், சூட்டில் மதிப்பும் மாறாது. சாதாரண பழுப்பு டிஸ்க் சிராமிக் என்றால் உள்ளேயே இழப்பு அதிகம், சூடாகும், சூடானால் மதிப்பு விழும், ஃபில்டர் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். அப்போது டிரெயினுக்குத் தெரியும் லோடே மாறிப்போகிறது, அதனால்தான் உங்கள் கரண்ட் ஏறுகிறது, ஹீட் சிங்கும் கொதிக்கிறது.

அந்த நடு இரண்டையும் பாருங்கள். 681 என்று போட்டிருக்கும், 68-க்குப் பின் ஒரு சைபர் என்று அர்த்தம். தலையில் கறுப்புக் கோடு இருந்தால் என்பி0. சோதனையும் சுலபம்: செட்டை முழுதாக அணைத்து, ஃபில்டரின் இரு முனைகளையும் தனியே கழற்றி, விஎன்ஏவை மாட்டி, சாலிடரிங் அயர்ன் நுனியை அந்த கெபாசிட்டரின் தரைப் பக்கக் காலில் சில நொடி வைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கிவிடும், குற்றவாளி யார் என்று தெரியாது. டிரான்ஸ்மிட் ஓடும்போது மட்டும் ஃபில்டரில் விரலை வைத்துவிடாதீர்கள். ஆர்எஃப் சுட்டால் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆழமாக வலிக்கும்.

நாற்பது மீட்டர்:
பார்த்தேன் அண்ணா! ஓரத்து 270 இரண்டிலும் கறுப்புத் தலை இருக்கிறது, நடுவில் உள்ள இரண்டு 681-இலும் இல்லை. ஒன்றின் மேல்பூச்சு லேசாக நிறம் மாறியிருக்கிறது. அயர்னை வைத்ததும் திரையில் கோடு என் கண் முன்னாலேயே வலப்பக்கம் நகர்ந்தது, 7-இல் இழப்பு 2 டெசிபலைத் தாண்டிப் போனது, எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. 270-இல் அதே மாதிரி சூடு வைத்தால் கோடு அசையவே இல்லை. இதற்கு மாற்றாக என்ன போடலாம்? இங்கே கடையில் 680 என்பி0 இல்லை என்கிறார்கள்.

செப்புக்கம்பி:
அப்படியென்றால் நான் சொன்ன இரண்டும் இல்லை, நல்லதாயிற்று. 330 என்பி0 இரண்டை இணையாகப் போடுங்கள், 660 வரும், அந்த வித்தியாசம் இந்த ஃபில்டருக்குப் பொருட்டே இல்லை. கரண்ட்டும் இரண்டாகப் பிரிந்துவிடும், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். 100 வோல்ட் ரேட்டிங் எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் மைக்கா கிடைத்தால் அதுவும் சரி. சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போனால் சொல்லி வைக்கலாம்.

நாற்பது மீட்டர்:
330 இரண்டு இரண்டாகப் போட்டாயிற்று. ஆரம்பத்தில் 22 வோல்ட், மூன்று நிமிடம் தொடர்ந்து டோன் கொடுத்தும் 22-ஐ விட்டு இறங்கவில்லை. கரண்ட் 0.9-இலேயே நிற்கிறது. இரண்டு பேருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். டோனை நிறுத்திய உடனே பார்த்தால் சும்மா இருக்கும் கரண்ட் 100-க்குப் பதில் 180 மில்லிஆம்பியர் காட்டுகிறது, ஆறினால் திரும்ப 100. இது பழுதா?

டம்மி லோடு:
பழுது இல்லை, மாஸ்ஃபெட்டின் குணம். சூடாகச் சூடாக கேட் த்ரெஷோல்டு (கரண்ட் ஓடத் தொடங்கும் கேட் வோல்டேஜ்) இறங்கும், கேட்டில் நிலையாகக் கொடுக்கும் அதே பயஸ் வோல்டேஜில் கூடுதல் கரண்ட் ஓடும். 180-இல் நின்றுவிட்டால் பரவாயில்லை, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து. வெயில் காலத்தில் நீண்ட நேரம் பேசுவதாக இருந்தால் பயஸ் ப்ரீசெட்டின் (பயஸைத் திருப்பி வைக்கும் சின்ன ரெசிஸ்டரின்) தரைப் பக்கத்தில் இரண்டு 1என்4148-ஐத் தொடராகப் போட்டு, அவற்றை ஹீட் சிங்கோடு ஒட்டிவிடுங்கள். ஒரு டையோடு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், அதில் ஒரு பங்கு கேட்டுக்குப் போய்ச் சேரும். ஏற்றம் முழுதாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் இருக்கும். டையோடு போட்ட பிறகு சும்மா இருக்கும் கரண்ட்டை மறுபடி 100-க்கு வைக்க வேண்டும். ப்ரீசெட்டைக் குறைந்த பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டுச் சப்ளை கொடுங்கள்.

ஃபில்டரில் பாகம் மாற்றியிருப்பதால் ஆன்டெனாவை மாட்டும் முன் விஎன்ஏவில் மறுபடி ஒரு முறை 14 மெகாஹெர்ட்ஸைப் பார்த்துவிடுங்கள். பழைய 40 டெசிபல் அப்படியே இருந்தால் தாராளமாக ஏர்-இல் வரலாம்.

நாற்பது மீட்டர்:
பார்த்துவிட்டேன் அண்ணா, 14-இல் 43 டெசிபல் இருக்கிறது. டையோடை இந்த வாரம் ஒட்டிவிட்டு அளவுகளை இங்கேயே போடுகிறேன்.