என் சாட்சியில் அற்புதம் எதுவும் இல்லை

கூட வேலை பார்த்த ஒருவரிடம் இரண்டு வருஷம் வாதாடியிருக்கிறேன். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, நிறையப் படித்தவர். கடவுள் நல்லவர் என்றால் குழந்தைகள் ஏன் சாகின்றன என்பார். நான் ராத்திரி உட்கார்ந்து படித்துப் பதில் தயார் செய்துகொண்டு போவேன். சில நாள் ஜெயித்ததும் உண்டு. நான் ஜெயித்த அன்றைக்கு அவர் என்னோடு சாப்பிட வரமாட்டார், அதுதான் மிச்சம்.

பிறகு என் தம்பி நோயில் விழுந்தான். வீட்டில் எல்லோரும் 11 நாள் உபவாசித்து ஜெபித்தோம். அப்படியும் போய்விட்டான்.

வேலைக்குத் திரும்பிய வாரம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் ஜெபம் பண்றீங்களா?" கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் எதுவும் தயாராக இல்லை. "மூணு வாரமா பண்ணல. பைபிளைத் தொடவே பிடிக்கல. நேத்து ராத்திரி ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிச்சப்போ, யாரோ உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் அம்மா இறந்த கதையைச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அதை ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பைபிளில் யோவான் 9-ல், இயேசுவால் பார்வை பெற்ற குருடனைப் பரிசேயர்கள் என்ற யூத மதத் தலைவர்கள் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இயேசு ஒரு பாவி என்று அவர்கள் சொன்னபோது, அது எனக்குத் தெரியாது என்கிறான். குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், தெரிந்தது இது ஒன்றுதான் என்கிறான். அந்த வசனத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் இன்றைக்கும் சபைக்கு வருவதில்லை. மகளுக்கு ஆபரேஷன் என்றபோது மட்டும் போன் செய்து, "உங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்க" என்றார்.

*

பிரதர், உங்கள் பகிர்வைப் படித்தபின் நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நோய் குணமானதைப் பல கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது, "கடினம்" என்று ஆகி, கடைசியில் "டாக்டர் கைவிரித்துவிட்டார்" என்று வந்து நின்றது. மக்கள் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல வாய் தானாக நீண்டது. ஒருநாள் கூட்டம் முடிந்து வரும்போது என் பையன் கேட்டான்: "டாக்டர் அப்படிச் சொல்லலையேம்மா?"

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம் நேரம் கேட்டு, மாத்திரை சாப்பிட்டதையும் பயந்ததையும் சேர்த்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அன்றைக்கு யாரும் சத்தமாக ஆமென் சொல்லவில்லை. ஆனால் அதே நோயுள்ள ஒரு அம்மா வந்து, "நானும் மாத்திரை சாப்பிடலாமா, அது அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்டார். என் பழைய சாட்சியை நம்பி அவர் மருந்தை நிறுத்தியிருந்தால்? இப்போதும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய, அடிமைக் கப்பலில் வேலை பார்த்த ஜான் நியூட்டன் கதையையும் நாம் இப்படித்தான் சுருக்கிவிடுகிறோம். 1748-ல் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டார், அன்றோடு மாறிவிட்டார் என்று. அதற்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமைக் கப்பல்களில்தான் போனார். தன் பங்கை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டு அந்த வியாபாரத்தை எதிர்த்து எழுதியது 1788-ல். நடுவில் இருக்கிற இந்த 40 வருஷத்தை மேடையில் யார் சொல்கிறார்கள்?

*

நான் சாட்சியைக் கேட்கிற பக்கம் இருந்தவன். கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுத்தவர்கள் பல பேர், என் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஒரு நண்பன் மட்டும் முதலில் என் கதையை முழுசாகக் கேட்டான். அவன் கதையை நான்தான் கேட்டு வாங்கினேன். 1 பேதுரு 3:15-லும் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தானே சொல்லியிருக்கிறது?

இன்னொன்று. அவன் சாட்சி என்னைக் கதவுவரைதான் கொண்டுவந்து விட்டது. யோவான் 4-ல், இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் சொன்னதைக் கேட்டு அவரிடம் வந்த ஊர்க்காரர்கள், இனி உன் பேச்சுக்காக இல்லை, நாங்களே கேட்டோம் என்கிறார்களே, அதுபோல நானும் சுவிசேஷத்தை ஒரு வருஷம் தனியாக வாசித்த பிறகுதான் ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தேன். அவன் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

*

தம்பி, அந்த ஒரு வருஷத்தைப் பற்றி விரிவாக எழுதுங்கள். வாதாடின எனக்கு அது தேவை. சிஸ்டர், பையன் இப்போது என்ன சொல்கிறான்?

*

எங்கே பேசப் போனாலும் கூடவே வருகிறான் பிரதர். முன்வரிசையில்தான் உட்காருவான்.