தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு ‘தெரியுமா?’ வரி: உங்கள் அனுபவம் என்ன?

பேட்டைக்காரன்:
கலைக்களஞ்சியத்து முதற்பக்கத்தில் ‘தெரியுமா?’ என்று ஒரு பகுதி, கட்டுரையிலிருந்து சுவையான ஒரு வரியை எடுத்துப் போடுவது. அதுக்கு வந்த வரி இது: “தமிழ்த்தாய் வாழ்த்து திருநெல்வேலியில் எழுதப்பட்டது.” மூணு பேர் ஆதரவும் விழுந்தாச்சு. சான்று கேட்டால், நெல்லை அபிஷேகப்பட்டி பல்கலைக்கழக முகப்பின் படம். பெயரில் மனோன்மணீயம் சுந்தரனார் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1990-ல். பாட்டை எழுதிய அந்தச் சுந்தரனார், அதாவது சுந்தரம் பிள்ளை, பிறந்தது 1855-ல் ஆலப்புழையில். நெல்லையில் சில ஆண்டு ஆசிரியப் பணி பார்த்தது உண்மை. இந்தப் பாட்டு வரும் ‘மனோன்மணீயம்’ நாடகம் 1891-ல் அச்சேறியபோது அவர் இருந்தது திருவனந்தபுரத்தில். அந்த முகப்புப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சாரல்:
அண்ணாச்சி, அதுக்குப் பதிலா வந்த “எழுதியவர் ஆலப்புழையில் பிறந்தவர்” மட்டும் பொருந்துமா? அது ஆளைப் பற்றிய செய்தி. கட்டுரை பாட்டைப் பற்றியது. விடுபட்ட அடிகள்தான் சரியான கொக்கி, வாசகரை இழுக்கும் வரி. “கன்னடமுங் களிதெலுங்கும்” என்று போகும் பகுதியும் “ஆரியம்போல்” என்ற பகுதியும் மூலத்தில் உண்டு, பாடும் வடிவத்தில் இல்லை. எத்தனை வரி என்றுதான் சண்டை வந்தது. ஒரு பதிப்பில் ஒரே அடியாக இருப்பது இன்னொன்றில் இரண்டாக மடங்கி நிற்கும்; ஆளுக்கொரு கணக்கு வராமல் என்ன செய்யும்? எண்ணைத் தூக்கிவிட்டு “சில அடிகள்” என்று போட்டதும் அடங்கியது.

குறுக்குத்துறை:
சாரல் அக்கா சொல்வதில் பாதிதான் ஒப்பும். மூலத்தையும் பாடும் வடிவத்தையும் பக்கத்தில் வைத்து நாமே ஒப்பிட்டால் அது சொந்த ஆய்வு, கலைக்களஞ்சியத்தில் செல்லாது. விடுபட்டதைச் சொல்லும் மூன்றாமவர் நூலோ கட்டுரையோ வேண்டும்.

கேட்காவிட்டாலும் சொல்லுதேன். சான்றைக் கட்டுரையின் கடைசியில் குவிக்காதீங்க. கொக்கி வாக்கியம் முடியும் இடத்திலேயே வையுங்க. பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் கட்டாயம். நாளிதழ் இணைப்பு என்றால் அன்றைக்கே காப்பகப் படி எடுத்துடுங்க, பிறகு இணைப்பு செத்துப்போகும். ஆங்கில விக்கியில் ‘தெரியுமா?’ வரிக்கு உள்ள 200 எழுத்து வரம்பை அப்படியே தமிழுக்கு இழுக்க வேண்டாம்: ‘நீராருங்’ நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 8 குறி. நல்ல வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். இன்னொண்ணு, “55 விநாடியில் பாடப்படுகிறது” என்று எழுதாதீங்க. 2021 டிசம்பர் 17 அரசாணை சொல்வது “பாட வேண்டும்” என்று. மோகன ராகம், திசுர நடை (மூன்றின் தாளக் கணக்கு), 55 விநாடி, எல்லாம் விதி. மேடையில் யாரும் கடிகாரம் வைத்து அளந்த செய்தி இல்லை.

பேட்டைக்காரன்:
ஆண்டுக் குழப்பத்தை விட்டுட்டீங்களே. 1970-ல் அரசு விழாக்களுக்கு ஏற்றது வேறு, 2021-ல் மாநிலப் பாடலாக அறிவித்தது வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்ததால் ஒரு வரி திரும்பிப் போனது.

சாரல்:
கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது இதுதானே: “தமிழ்நாட்டின் மாநிலப் பாடல், 1891-ல் வெளியான ஒரு நாடகத்தின் பாயிரத்தில் ‘தமிழ்த் தெய்வ வணக்கம்’ என்ற தலைப்பில் இடம்பெற்றது.” ஊர்ப் பெயரே வரவில்லை. பாதகமில்லை, பாட்டுக்கு அது நியாயம் செய்கிறது.

குறுக்குத்துறை:
‘பாயிரம்’ (நூலின் முன்னுரைப் பகுதி) என்ற சொல்லுக்கு உள்ளிணைப்பு போட்டாச்சா? புதுசா வாசிக்கிற பிள்ளைகள் அதை ஆயிரம் என்பதன் அச்சுப்பிழை என்று திருத்திடுதாக.