கட்டாரியில் துரு திரும்பத் திரும்ப வருகிறது, அலகும் ஆடுகிறது: உதவி தேவை

புதுக்கை:
போன மாசம் காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் கட்டாரி வாங்கினேன். குறுக்குக் கம்பி இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முஷ்டியோடு குத்துகிற வகை. அலகு மட்டும் 14 அங்குலம். "சரபோஜி மகாராஜா காலத்துச் சாமான்" என்றார் கடைக்காரர். (அங்கே டிபன் கேரியருக்குக்கூட ஒரு மகாராஜா உண்டு, விடுங்கள்.)

வீட்டுக்கு வந்ததும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து, கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். இரண்டே நாளில் பிடியை ஒட்டிச் செம்மண் நிறத்தில் துரு. மறுபடி புளி, மறுபடி எண்ணெய், மறுபடி துரு.

இன்னொரு கவலை. அலகும் பிடியும் ஒரே இரும்பு இல்லை. இரண்டு தகட்டுக்கு நடுவே அலகைச் செருகி மூன்று ஆணி அறைந்திருக்கிறார்கள். நுனியைப் பிடித்து அசைத்தால் ஒரு நெல்லளவு ஆட்டம். தகட்டுக்குக் கீழே, அலகின் பள்ளக் கோட்டுக்குள் ஆர், ஏ, ஆர், ஏ என்று நாலு இங்கிலீஷ் எழுத்து. ஒட்டுப்போட்ட போலியா? லேத் பட்டறையில் 300 ரூபாய்க்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். சனிக்கிழமை கொடுக்கட்டுமா?

பழைய_இரும்பு:
தம்பி, பட்டறைப் பக்கமே போகாதீர்கள்! வெல்டிங் சூட்டில் அலகின் பதம் போய்விடும். ஒரு தடவை வைத்துவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது.

துரு ஏன் வருகிறது என்றால், புளித்தண்ணி தகட்டுக்கும் அலகுக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலே எத்தனை தடவை துடைத்தாலும் புளிப்பு உள்ளேயே இருக்கும். பித்தளைக்கு நல்லது எல்லாம் இரும்புக்கு நல்லதில்லை. தேங்காய் எண்ணெயும் நாளானால் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும்.

தையல் மெஷின் எண்ணெயை ஆணி இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். கசிந்து வரும் அழுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள். சிவப்புத் துருவை மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள், போகாவிட்டால் நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல்லில், அதாவது மிக மெல்லிய இரும்பு நாரில், எண்ணெய் தொட்டு மெல்லத் தேயுங்கள். பிடியில் தங்க, வெள்ளிக் கம்பி வேலை இருந்தால் அங்கே ஸ்டீல் வுல் படக்கூடாது. கறுப்பாகப் படிந்திருப்பதையும் தொடாதீர்கள். அது பழைய, அடங்கிய துரு.

கோட்டைவாசல்:
போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஆணியும் எழுத்தும்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வாள் அலகுகள் கப்பல் ஏறி இங்கே நிறைய வந்தன. உடைந்த வாளைக்கூட எறியமாட்டார்கள். வெட்டிக் கட்டாரிக்கு அலகாக்குவார்கள். அலகு அங்கிருந்தும் பிடி இங்கிருந்தும் வருவதால், தகட்டுக்கு நடுவே செருகி ஆணி அடிப்பதுதான் வழி. தெற்கத்திக் கட்டாரிகளில் இது சகஜம். உங்கள் 'ஒட்டு' செய்தபோதே போட்டதாக இருக்கலாம்.

இத்தாலியில் பெலூனோ பக்கத்து வாள் கொல்லர் ஆந்த்ரியா ஃபெராரா, 16-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயர் தரத்துக்கு அடையாளமாகிவிட்டதால் அவர் போன பின்னும் பலர் அதையே பொறித்தார்கள், எழுத்துப் பிழையோடும். ஃபெராரா (Ferrara) என்பதன் கடைசி நாலு இங்கிலீஷ் எழுத்து என்ன என்று பாருங்கள். அதனால் அது அவர் கையால் அடித்தது என்று ஆகாது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. கட்டாரிகளின் ஆணித் தலைகளை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், கட்டாரியை அல்ல!

புதுக்கை:
எழுத்துகளை மறுபடி பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. முதல் 'ஆர்'-க்கு மேலே தகட்டுக்குள் பாதி மறைந்து இன்னொரு எழுத்தின் கால் தெரிகிறது. ஆணியைக் கழற்றிப் பார்க்கவா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் ஆசைப்படுகிறார், பார்சல் அனுப்பலாமா?

கோட்டைவாசல்:
கழற்றினால் ஆணித்தலை போச்சு. அந்தக் கால் தெரிவதே போதும்.

நூறு வருஷம் தாண்டியது என்றால் தொல்பொருள். 1972 சட்டப்படி தனியாள் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. அண்ணனை இங்கே வரச் சொல்லுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் அலகு என்பதால் ஆயுத விதிகளிலும் வருகிறது. அரசு அறிவிப்பு செய்த பகுதிகளில் உரிமம் வேண்டும், உங்கள் ஊர் நிலவரத்தைக் கலெக்டர் ஆபீசில் கேளுங்கள்.

புதுக்கை:
எண்ணெய் விட்டு இன்றோடு நாலு நாள். முதல் நாள் காபி டிகாஷன் மாதிரி கசிந்தது, இன்று துணியில் கறையே இல்லை. ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய_இரும்பு:
ஆடட்டும். நீங்கள் யாரைக் குத்தப் போகிறீர்கள்?