பேத்தியோடு ஊசுட்டேரிக்கு: வழி சொல்லுங்களேன்

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மகள் குடும்பம் கனடாவில். போன ஜனவரியில் பேத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். குளம் முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் உறையாத தண்ணீர், அதில் வாத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இவள் கையுறையோடு தானியம் தூவுகிறாள்.

இந்த மார்கழிக்கு இங்கே வருகிறாள். "தாத்தா, உங்க ஊர்க் குளத்தையும் சுத்தி நடந்து வாத்துக்குச் சாப்பாடு போடணும்" என்று இப்போதே உத்தரவு. நம் குளிருக்குக் குளம் உறைவதாவது! மஃப்ளர் கட்டிக்கொள்வதோடு சரி.

ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வரும் காலம் அது. நாமக்கோழி, முக்குளிப்பானும் கண்ணில் படும். ஆனால் ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே தீனி போடுவது சரியாகப் படவில்லை. அதிலும் பிரெட் வேண்டவே வேண்டாம்: வயிறுதான் நிரம்பும், சத்து கிடைக்காது, மிச்சம் தண்ணீரில் ஊறி அழுகும்.

கரையில் எட்டு வயதுக் குழந்தையோடு நடக்க எந்தப் பக்கம் வசதி? பறவைகளைப் பார்க்க எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? இரண்டு நாளைக்கு பைனாகுலர் இரவல் தருவீர்களா? அப்புறம், அவள் ஆசைக்கு வீட்டு மொட்டை மாடியில் கம்பும் நொய்யும் தண்ணீரும் வைக்கலாமென்று இருக்கிறேன். காக்கா, புறா தவிர வேறு ஏதாவது வருமா? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.