‘முன்வெடிப்பு’ என்ற சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

புகைவாயுவால் சுழலும் டர்பைனைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்ஜின்களின் திறன் கூட்டும் கையேடு ஒன்றுக்குச் சொற்பட்டியல் தொகுத்து வருகிறேன். நம் பழைய பட்டியலில் ‘நாக்கிங்’, ‘பிரீ இக்னிஷன்’ இரண்டுக்கும் ‘முன்வெடிப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கிறோம். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நோய் வேறு, மருந்தும் வேறு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் பிஸ்டன் போய்விடும்.

நாக்கிங்கில் எதுவும் முந்துவதில்லை. ஸ்பார்க் பிளக் உரிய நேரத்தில்தான் பொறி விடுகிறது. தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் எட்டாத மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே கணத்தில் எரிந்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டருக்குள் இங்கும் அங்கும் மோதுகிறது. 86 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது நொடிக்கு ஏறத்தாழ 6,700 அதிர்வுகள். இன்ஜினில் பொருத்திய நாக் சென்சார் என்ற உணரி செவி கொடுப்பது இதற்குத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைகிறது.

டர்போவில் இந்த ஆபத்து கூடுதல். 25 டிகிரி செல்சியஸ் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது சுமார் 118 டிகிரியில் வெளிவரும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதைத் தணிக்காவிட்டால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், கூட்டிய பயன் பாதி அங்கேயே கரைந்துவிடும். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கென்றே தனித் தொட்டி வைத்து, அதை உள்ளே செலுத்தி நாக்கிங்கை அடக்கினார்கள். பொறி நேரத்தைச் சில டிகிரி பின்தள்ளினாலும் அடங்கும். ஆனால் புகைவாயுவின் சூடு ஏறி, அந்தச் சுமை டர்பைன் தலையில் விழும். டியூனிங் செய்பவர் இந்தக் கணக்கை மறந்தால் இன்ஜின் பிழைத்து டர்போ போய்விடும்.

பிரீ இக்னிஷன் அப்படியல்ல. பொறிக்கு முன்பே, பழுக்கக் காய்ந்த பிளக் முனையோ கரித்துகளோ எண்ணெய்த் துளியோ கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பை நசுக்க வேண்டிய நிலை. தீயை மூட்டியது பொறியே அல்ல என்பதால், பொறி நேரத்தை எவ்வளவு பின்தள்ளினாலும் பயனில்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் மிகுந்த சுமை ஏற்றும்போது இது வருகிறது. எண்ணெயிலுள்ள கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டபின், 2018-இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ-யின் எஸ்என் பிளஸ் என்ற எண்ணெய்த் தரமே இதற்காக வந்தது.

ஆகவே பிரீ இக்னிஷனுக்கு ‘முந்துபற்றல்’ என்றும், நாக்கிங்குக்கு ‘எஞ்சுவெடி’ என்றும் முன்மொழிகிறேன். தீயைப் பொறுத்தவரை ‘பற்றுதல்’தான் நம் வாயில் இயல்பாக வரும் சொல்.

*

அம்மாவுக்கு வணக்கம்.

‘முந்துபற்றல்’ மிக நன்று, அப்படியே ஏற்கலாம். ‘எஞ்சுவெடி’யில் எனக்கு ஒரு தயக்கம். எரியாமல் எஞ்சிய பெட்ரோல் புகைக்குழாயில் போய் ‘டப்’பென்று வெடிக்கிறதே, படிப்பவர் அதைத்தான் நினைப்பார். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்க வேண்டாம். எஞ்சியிருக்கும் அந்தக் கலவைக்கு ‘எஞ்சுகலவை’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும். நாக்கிங்குக்கு வெறும் ‘தட்டல்’ போதாதா? பட்டறையில் ‘இன்ஜின் தட்டுகிறது’ என்றுதானே சொல்கிறார்கள்?

*

‘நாக்கிங்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

*

இருவருக்கும் நன்றி.

ஐயா, புகைக்குழாய் வெடிப்பை நான் யோசிக்கவே இல்லை. ‘எஞ்சுவெடி’யைத் திரும்பப் பெறுகிறேன், ‘எஞ்சுகலவை’யை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் ‘தட்டல்’ வேண்டாம். தேய்ந்த பேரிங்கும் தட்டுகிறது, வால்வு இடைவெளி கூடினாலும் தட்டுகிறது. உங்கள் ‘தட்டல்’, என் ‘வெடி’ இரண்டையும் சேர்த்து ‘தட்டுவெடி’ என்று வைத்தால் என்ன? பட்டறைச் சொல்லும் நிற்கிறது, காரணமும் தெரிகிறது. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. உண்ணும் தட்டு நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். ‘தட்டச்சு’ என்றதும் யாருக்கும் அந்தத் தட்டு நினைவுக்கு வருவதில்லை.

‘நாக்கிங்’ என்றே விடலாம் என்றவருக்கு: பேச்சில் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பிரீ இக்னிஷனையும் பலர் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். முந்துபற்றலைத் தொடர்ந்து கடும் தட்டுவெடி வருவதால் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. கையேட்டில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான அறிவுரையே இந்தப் பிரிவில்தான் நிற்கிறது. 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுமார் 73 கிலோவாட் தருகிறது. அதே விசையை 5,500 சுற்று வரை தக்கவைத்தால் 200 கிலோவாட்டைத் தாண்டுகிறது. எனவே கீழ்ச்சுற்றில் பூஸ்ட்டை அடக்கி, மேல்சுற்றில் நீட்டுவதே இன்ஜினை வாழவைக்கும் வழி. கீழே அடக்குவது முந்துபற்றலுக்கு அஞ்சி. பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளையாமலிருக்கவும் அது உதவும். மேலே இன்டர்கூலரையும் பெட்ரோல் தானாக எரியாமல் தாங்குவதைக் காட்டும் ஆக்டேன் எண்ணையும் கவனிப்பது தட்டுவெடிக்கு அஞ்சி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை எழுதிப் பார்த்தேன், எழுத முடியவில்லை.

முந்துபற்றலுக்குப் பின் வரும் அந்தக் கடும் வகைக்குப் ‘பெருந்தட்டுவெடி’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். சொல் நீளமாக இருக்கிறது. சுருக்கமாக ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.