‘டிரஸ்ட் அண்ட் ஒபே’ (நம்புவது, கீழ்ப்படிவது) என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டோடு உங்களுக்கு என்ன உறவு?

விடுதிப்பறவை:

எனக்குப் பகைதான். எட்டாம் வகுப்பில் ஒரு பள்ளி விடுதியில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். இரவு ஜெபத்துக்குத் தாமதமாக வந்தாலோ, தட்டில் சோறு மிச்சம் வைத்தாலோ காப்பாளர் எல்லாரையும் நிற்கவைத்து இந்தப் பாட்டைப் பாடச்சொல்வார். ‘ஒபே’ என்ற சொல் வரும்போதெல்லாம் மேசையில் பிரம்பு ஒரு தட்டுத் தட்டும். ஒவ்வொரு சரணமும் அந்தச் சொல்லில்தான் முடிகிறது. பல்லவியில் இன்னும் இரண்டு முறை வரும். ஆக, ஐந்து சரணத்துக்கு 15 தட்டு. பொருளைக் கவனித்ததே இல்லை, எண்ணிக்கொண்டே பாடுவேன்.

நாற்பது வயதுக்கு மேல்தான் பாட்டு பிறந்த கதையைப் படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டன் நகரில் சுவிசேஷகர் டி. எல். மூடி ஐயரின் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. பாட்டுக்குப் பொறுப்பாளர் டேனியல் டவுனர். தங்கள் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் ஒரு வாலிபன் எழுந்து, “எனக்கு முழு நிச்சயமில்லை, ஆனால் நம்பப்போகிறேன், கீழ்ப்படியப்போகிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம். டவுனர் அந்த வாக்கியத்தைக் குறித்துவைத்து, ஜான் சாமிஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகருக்கு எழுதி அனுப்பினார். சாமிஸ் வரிகளை எழுத, டவுனர் மெட்டமைத்தார். 1887இல் பாட்டு அச்சேறியது.

‘எனக்கு முழு நிச்சயமில்லை’ என்பதிலிருந்து பிறந்த பாட்டையா பிரம்போடு பாடினோம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பாஸ்டன்வாசி:

பிராக்டன் எங்களுக்குப் பக்கம். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தக் கதையைக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். 19ஆம் நூற்றாண்டில் அது செருப்புத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். இன்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டுவது குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோவின் சிலையை. பாட்டைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் தோளைக் குலுக்கினார், மற்றவர் காப்பிக் கடைக்கு வழி சொன்னார்.

எழுந்து நின்ற அந்த வாலிபனின் பெயரைப் பாட்டுப் புத்தகங்கள் சொல்வதில்லை. செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டியவனாக இருப்பான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது. திரும்பி வரும் ரயிலில் அப்படி நினைக்கப் பிடித்திருந்தது.

ஆல்டோ வரிசை:

சென்னையில் ஓர் ஆங்கில ஆராதனையில் 22 வருடமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். எங்கள் சபையில் இது காணிக்கைப் பாட்டு. மூன்று தாள நடை, எளிய மெட்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்கூட இரண்டாவது வாரத்தில் நான்கு குரலிலும் பாடிவிடுவார்கள். ஆனால் நாலாவது சரணம் மட்டும் எப்போதும் அடிபடும். பைகள் கடைசி பெஞ்சைத் தாண்டியதும் ஆர்கன் வாசிப்பவர் நேரே ஐந்தாவதுக்குத் தாவிவிடுவார்.

அந்த நாலாவது சரணம் என்ன சொல்கிறது தெரியுமா? உள்ளதை எல்லாம் பலிபீடத்தில் வைக்கும்வரை அவருடைய அன்பின் இன்பத்தை ருசித்துப்பார்க்க முடியாது என்கிறது. காணிக்கைப் பை நிரம்பியதும் அதையே விட்டுவிடுகிறோம்.

என் பக்கத்தில் பாடிய அக்கா ஒருவர், தம் புத்தகத்தில் அந்தச் சரணத்தைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டு ஓரத்தில் ‘இதை விடாதே’ என்று எழுதியிருந்தார். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது. போன வருடம் அவருடைய அடக்க ஆராதனையில் ஐந்தையும் பாடினோம். சாமிஸ் ஊழியத்துக்கு வருமுன் இந்தியானா மாநிலத்தில் நன்றாக வியாபாரம் செய்தவர் என்று பிறகு படித்தேன். கையில் ஒன்றும் இல்லாதவர் எழுதிய சரணம் அல்ல அது.

பழைய உபதேசியார்:

தம்பி விடுதிப்பறவை, உங்கள் காப்பாளருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் தப்பு என் பக்கமும் உண்டு. கிராமத்து ஞாயிறு பள்ளியில் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது கரும்பலகையில் ‘நம்பு, கீழ்ப்படி’ என்று எழுதினேன். இரண்டும் ஏவல். பிள்ளைகளுக்கு அது என் கட்டளையாகத்தான் கேட்டிருக்கும். அந்த வாலிபனோ தன்னைப் பற்றிச் சொன்னான்: நம்பப்போகிறேன், கீழ்ப்படியப்போகிறேன். அவனை யாரும் ஏவவில்லை. இந்த வித்தியாசம் இப்போது நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்’ என்ற வசனத்தைச் சிறுவர்களை அடக்க எடுக்கிறவர்கள், சாமுவேல் தீர்க்கதரிசி அதை யாரிடம் சொன்னார் என்பதை மறந்துவிடுகிறார்கள். ராஜாவாகிய சவுலிடம்!

பாஸ்டன்வாசி:

ஐயா சொன்னது சரி. ஆனாலும் சாமிஸ் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டாவது சரணத்தில், நம்பிக் கீழ்ப்படிந்தால் சந்தேகமே தங்காது என்கிறார். அந்த வாலிபனின் தயக்கத்தை எடுத்துவிட்டு அவன் தீர்மானத்தை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்குத் தயக்கமும் வேண்டும்.

ஒரு செய்தி: சாமிஸ், டவுனர் இருவருமே 1919இல் இறந்தார்கள். டவுனர் கடைசியாக மிசௌரியில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் பாட்டு நடத்திக்கொண்டிருந்தார். அங்கேயே உயிர் போயிற்று.

விடுதிப்பறவை:

எல்லாருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

இந்த ஞாயிறு மகளோடு ஆராதனைக்குப் போனேன்; காணிக்கை நேரத்தில் இதே பாட்டு. பாதியில் மகள் என் கையைப் பிடித்து, “அப்பா, ஏன் பெஞ்சில் தட்டுகிறீர்கள்?” என்று கேட்டாள். தட்டியது எனக்கே தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன், எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. எங்கள் சபையிலும் நாலாவது சரணத்தை விட்டுவிட்டார்கள். 12இல் முடிந்துவிட்டது.