ரயிலுக்குள்ளிருந்து பேசுவது யார்?

குழு: பாம்பன் வீடு

அமலன்: கல்லூரிக் குறும்படத்துக்கு எழுதிய பின்னணிக் குரல் இது. எல்லோரும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். “1964 டிசம்பர் 22, நள்ளிரவு நெருங்கும் நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலில் ஒரு தாய் தன் குழந்தையை அணைத்துக்கொண்டு, ‘பயப்படாதே, ஊர் வந்துவிட்டது’ என்றாள்…”

ஸ்டெல்லா சித்தி: கண் கலங்கிவிட்டது தம்பி.

ரொசாரி மாமா: எனக்கும்தான். ஆனால் புயலில் கடல் அடித்துக்கொண்டுபோன அந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லையே மாப்பிள்ளை. அவள் சொன்னது உன் காதுக்கு எப்படி வந்தது?

அமலன்: கற்பனைதான் மாமா. கேமரா எங்கே வேண்டுமானாலும் போகலாமே?

ரொசாரி மாமா: போகட்டும். முதல் வரியில் தேதி சொல்வது செய்தி வாசிப்பவரின் குரல். அடுத்த வரியில் அதே குரல் பெட்டிக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பார்ப்பவன் இரண்டையும் ஒன்றுபோல நம்புவான். என் சங்கடம் அதுதான்.

சேவியர்: நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிறார்களா?

ஜெனி: கொடுக்கிறார்கள் அண்ணா. அதைப் படகுக் குழுவில் கேளுங்கள்!

ஜெனி: மாமா, 1954இல் வந்த ‘அந்த நாள்’ நினைவிருக்கிறதா? ஒரு கொலை. விசாரணையில் ஆளுக்கு ஒருவர்மேல் சந்தேகம் சொல்வார்கள், அவர்கள் சொல்கிறபடியே காட்சி ஓடும். கண்ணால் பார்த்தாயிற்று என்று நம்பி உட்கார்ந்திருப்போம். அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது கவிழ்ந்துவிடும்.

ஸ்டெல்லா சித்தி: பாட்டே இல்லாத படம்தானே? டிக்கெட் காசு வீண் என்று என் அப்பா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.

அமலன்: அப்படியென்றால் நான் ரயிலையே காட்டக் கூடாதா?

ரொசாரி மாமா: உன் அப்பத்தா புயல் கதை சொல்வதைக் கவனித்திருக்கிறாயா? முடிவு தெரியாதவர் வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் எழுந்து போகமாட்டோம். அன்று அவருக்கு எது எப்போது தெரிந்ததோ அந்த வரிசையில்தான் சொல்வார். முதலில் வாடைக்காற்று, பிறகு கூரை ஓலை. அப்புறம், இருட்டில் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிய அவருடைய அம்மா. அந்த இடத்தை மட்டும் எத்தனை நேரம் சொல்வார்! ரயில் போன செய்தி, விடிந்த பிறகு வாசலுக்கு வந்தவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கதையிலும் அங்கேதான் வரும். அவர் ஓலையைப் பற்றிப் பேசும்போதே நமக்கு ரயில் நினைவுக்கு வந்துவிடுகிறது, அவருக்கு இன்னும் தெரியாது. வயிற்றைப் பிசைவது அதுதான்.

அமலன்: சரி மாமா. ஆனால் பிழைத்தவர் மட்டும்தான் பேசலாம் என்றால், செத்தவர்கள் பக்கம் யார் பேசுவது?

ரொசாரி மாமா: அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜெனி: “ஒரு தாய் இருந்திருப்பாள், ஏதோ சொல்லியிருப்பாள்” என்று மாற்றிப் பார். பின்னால் பிறந்த ஒருவன் நினைத்துப் பார்க்கிறான் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

ரொசாரி மாமா: இது நேர்மையாக இருக்கிறது.

ஸ்டெல்லா சித்தி: எனக்கு அந்தத் தாய் போதும், எப்படியாவது வைத்துக்கொள்.

அமலன்: நாளை அப்பத்தாவின் குரலைப் பதிவு செய்யலாமா சித்தி?

ஸ்டெல்லா சித்தி: ஜெபமாலை முடிந்ததும் வா. நடுவில் கேள்வி மட்டும் கேட்காதே, கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.